அமெரிக்கால சம்மர் மியூசிக்கல் தியேட்டர் கோர்ஸ்: பிளஸ் ஒன் புள்ளய அனுப்பலாமா? யாராவது அனுப்பியிருக்கீங்களா?

செங்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு செங்கோட்டை. மக பிளஸ் ஒன் படிக்கா, சிபிஎஸ்இ. ஆறு வயசுல இருந்தே பாட்டு கத்துக்கிடுதா, கர்நாடக சங்கீதம், தென்காசில ஒரு டீச்சர்ட்ட. போன வருசம் ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு பாட்டு ஆட்டம் நடிப்பு எல்லாம் சேந்த மாதிரி ஒரு நாடகம் போட்டாங்க, அதுல இவளுக்குத்தான் பெரிய வேஷம், அன்னைக்குப் புடிச்ச பித்து இன்னும் இறங்கல. ராத்திரி பூரா ஹெட்போன மாட்டிக்கிட்டு பிராட்வே பாட்டு (நியூயார்க்ல போடுற பாட்டு நாடகம்), காலைல எந்திரிக்க மாட்டக்கா.

என் கொழுந்தனார் நியூ ஜெர்சில இருக்காரு. அவருதான் ஒரு லிஸ்ட் அனுப்பி விட்டாரு. அங்க பெரிய பெரிய யுனிவர்சிட்டியில எல்லாம் காலேஜ் சேருறதுக்கு முந்தின பிள்ளைகளுக்குன்னு சம்மர்ல சில வாரம் ஹாஸ்டல்ல தங்க வச்சு மியூசிக்கல் தியேட்டர் சொல்லிக் குடுக்காங்களாம். கார்னெகி மெலன், மிச்சிகன், நார்த்வெஸ்டர்ன், அப்புறம் இன்டர்லாக்கன்னு ஒரு கேம்ப், அது 1928ல இருந்து நடக்காம். பீஸப் பாத்ததும் எங்க வீட்டுக்காரரு ஒரு வார்த்த பேசல, போனத் திருப்பி வச்சுட்டு கடைக்குப் போயிட்டாரு.

கேக்க வேண்டியது நெறய இருக்கு. இந்தக் கோர்ஸ் போனா அங்க டிகிரி சீட்டு கெடைக்க உதவுமா? கர்நாடக சங்கீதம் பாடுன தொண்டை இதுக்கு ஒத்து வருமா? எல்லாத்துக்கும் மேல, அவங்க சம்மருன்னு சொல்றது ஜூன் கடைசியும் ஜூலையும், இங்க அப்ப சாரல் அடிக்கும், பிளஸ் டூ கிளாஸ் ஓடிக்கிட்டு இருக்கும். லீவு எப்படி போடுறது? மாமனாரு வேற, "நாடகத்துல பாடுன கிட்டப்பா பொறந்த ஊருல இருந்து நாடகம் படிக்க அமெரிக்கா போணுமாக்கும்"னு நாளைக்கு நாலு தடவ கேக்காரு. அவரு சொல்றதும் ஞாயந்தான், எனக்குத்தான் பதில் தெரியல.

கொழிஞ்சாம்பாறை அம்மிணி:

அக்கா, நாங்க பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைங்க. எம்பொண்ண ரெண்டு வருசம் முந்தி இதே மாதிரி ஒண்ணுக்கு அனுப்பினோம், நாலு வாரம். எந்தக் காலேஜுன்னு பேர் வேண்டாங்க, நல்லதும் கெட்டதும் சேத்துத்தான் சொல்லப் போறேன்.

மொதல்ல சீட்டு விசயம். உதவாதுங்க. நேராச் சொல்லிடறேன், ஏன்னா நாங்களும் அந்த நெனப்புலதான் காசு கட்டினோம். சம்மர் கோர்ஸ் வேற, டிகிரிக்கு எடுக்கற ஆடிஷன் வேற, அங்க போய்ட்டு வந்த புள்ளைன்னு தனி வரிசை எதும் கெடையாது. எம்பொண்ணு அடுத்த வருசம் ஆறு காலேஜுக்குப் போட்டா. ப்ரீஸ்கிரீன்னு முன்னாடியே வீடியோ கேக்கறாங்க, அதுல நாலு எடத்துல அப்பவே இல்லைன்னுட்டாங்க, மீதி ரெண்டுல நேர்ல ஆடிஷன் வரைக்கும் போய் கெடைக்கல. இப்ப பெங்களூர்ல பி.ஏ. படிக்கறா, சனி ஞாயிறு ஒரு நாடகக் குழுவோட சுத்தறா. வருத்தம் எனக்குத்தான் இருந்துது, அவளுக்கு ரெண்டு நாள்ல போயிருச்சு.

ஆனா அந்த நாலு வாரத்துல அவ கத்துக்கிட்டத இங்க எந்த வாத்தியாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. காலைல எட்டரைக்கு பாலே, அப்புறம் ஜாஸ் ஆட்டம், டேப்புன்னு ஷூவால தரையத் தட்டி ஆடற ஆட்டம், மத்தியானம் குரல் கிளாஸ், நடிப்பு, சாயந்திரம் ரிகர்சல், ராத்திரி ஒம்பதரை வரைக்கும். மொத வாரம் போன் பண்ணி "அம்மா மாடிப்படி எறங்க முடியல, உக்காந்து உக்காந்து எறங்கறேன்"னு அழுதா. பரதநாட்டியம் கத்தவதான், அரமண்டி உக்காந்த காலு, அதுக்கே அப்படி.

மொத நாள் நடந்தத மட்டும் சொல்றனுங்க, இதக் கேட்டாவே உங்களுக்குப் பாதி புரிஞ்சுரும். எல்லாத்தையும் ஒரு ஹால்ல உக்கார வெச்சு ஒவ்வொருத்தரா பதினாறு பார் பாடச் சொன்னாங்களாம். பாருன்னா நொட்டேஷன்ல ஒரு தாளக் கட்டு, பதினாறு பாருன்னா முழுப் பாட்டு இல்லைங்க, அரை நிமிசம்னு வெச்சுக்கங்க, முப்பத்திரண்டு பாருன்னா சுமாரா ஒரு நிமிசம். அதுக்குள்ள நீ யாருன்னு காட்டோணும். அங்க பியானோ வாசிக்க ஒருத்தர் இருப்பாரு, அவருகிட்ட நொட்டேஷன் பைல நீட்டி எங்க ஆரம்பிக்கோணும் எங்க முடிக்கோணும்னு பென்சில்ல போட்ட குறியக் காட்டி, எந்த வேகம்னு மெதுவாப் பாடிக் காட்டிட்டு நடுவுல போய் நிக்கோணும். இவ வீட்டுல போன் ஆப்புல தம்புரா போட்டு அஞ்சு கட்டை சுருதில பாடிப் பழகினவ. நெட்டுல எடுத்த பேப்பர் வேற சுருதில இருந்துருக்குது. அத இவ பாக்கவே இல்ல. அவரு பேப்பர்ல இருக்கறத வாசிக்கறாரு, இவ தம் பாட்டுக்கு தன் சுருதில எடுத்துட்டா. ரெண்டு வரி பியானோ ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். நிறுத்திட்டு ஓடிப் போய்ப் பாத்ரூம்ல உக்காந்துக்கிட்டா. நம்மூர்ல பாடறவங்க சுருதிக்கு ஆர்மோனியம் வந்துரும்ல, அந்த நெனப்புங்க. அங்க முன்னப் பின்னத் தெரியாத பியானோக்காரர அந்த எடத்துல சுருதி மாத்தி வாசிங்கன்னு கேக்கறது வழக்கமே இல்லையாம், நம்ம கட்டைக்கு எழுதின பேப்பர நாமதான் கொண்டுட்டுப் போகோணும். உங்க பொண்ணுக்கு இது ஒண்ண மட்டும் இப்பவே சொல்லி வெச்சுருங்க.

தொண்டை விசயம்: எம்பொண்ணுக்கு நெஞ்சுக் குரல் பலமா இருந்துது, நெஞ்சுக் குரல்லயே ஓங்கிப் பாடறத அவங்க பெல்ட்டுன்னு சொல்றது சீக்கிரம் புடிச்சுக்கிட்டா, மேல போற மெல்லிசான தலைக்குரல்தான் வரவே இல்ல. கமகம் பெரிய தொல்லைங்க. ஒரு ஸ்வரத்த அசையாம நேரா நிறுத்துன்னா இவளால முடியல, தானா வளைஞ்சுரும். டீச்சர் செவுத்துல ஒரு கோடு காட்டி அதப் பாத்துக்கிட்டே பாடுன்னாங்களாம். ஆனா பேப்பரப் பாத்து உடனே பாடற கிளாஸ்ல அங்க டோ ரே மின்னு சொல்றது நம்ம சரிகம மாதிரியேதான், டோ எங்க வேணா நகரும் நம்ம ஸ வாட்டம், அதுல இவ மத்த புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கா.

இன்னொண்ணுங்க. இவ கலோல்சவம்னு கேரளா ஸ்கூல் கலை விழாவுல சவிட்டு நாடகம் பண்ணினவ. தெரியாதவங்களுக்கு, அது கொச்சிப் பக்கம் லத்தீன் கிறிஸ்தவங்க ஆடறது, பாட்டு பெரும்பாலும் பழந்தமிழ், மரப்பலகை மேடை அதிர மிதிச்சுக்கிட்டே பாடோணும். ஆசான் ஓட ஓட வெச்சுப் பாட வெச்சிருந்தாரு. ஆடிக்கிட்டே மூச்சு வாங்காமப் பாடற கிளாஸ்ல இவ மட்டும் நின்னான்னு டீச்சர் எழுதியே குடுத்தாங்க. உங்க மாமனார்ட்டச் சொல்லுங்க, சந்தோசப்படுவாரு.

செலவு எங்களுக்கு பீஸ், ஹாஸ்டல், பிளைட், விசா எல்லாஞ் சேத்து ஒம்பது லட்சம் கிட்ட. தென்னந்தோப்ப அடமானம் வெச்சோம். இப்பவும் கட்டிட்டுத்தான் இருக்கறோம்.

புனலூர் பழைய மாணவன்:

அக்கா நான் ஆரியங்காவு தாண்டி இந்தப் பக்கம். கொஞ்சம் எதிர்த்துப் பேசப் போறேன், கோவிச்சுக்காதீங்க.

ஒம்பது லட்சத்துக்கு நாலு வாரம். நான் படிச்சது திருச்சூர் ஸ்கூல் ஆஃப் டிராமா, கோழிக்கோடு யுனிவர்சிட்டியோடது, 1977ல சங்கரப்பிள்ளை சார் ஆரம்பிச்சது. பிளஸ் டூ முடிச்சா டிகிரிக்கே எடுக்காங்க, மொத்தப் படிப்புக்கும் எனக்கு ஆன செலவு உங்க பிளைட் டிக்கெட்டுக்கு வராது. மலையாளம் வேணும்தான், செங்கோட்டைக்காரங்களுக்கு அது ஒரு விசயமா, 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சில தான இருந்தீங்க. டெல்லி நேஷனல் ஸ்கூல் ஆஃப் டிராமாவுக்கு டிகிரி முடிச்சிருக்கணும், அதனால இப்ப ஆகாது. கர்நாடகால ஹெக்கோடுன்னு ஒரு கிராமத்துல நீனாசம்னு நாடகப் பள்ளி இருக்கு, பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில நாடகத்துக்குன்னு நாடகம் எழுதின சங்கரதாஸ் சுவாமிகள் பேருலயே ஒரு டிபார்ட்மென்ட் இருக்கு.

ஒண்ணு ஒத்துக்கறேன். இங்க எங்கயும் பிராட்வே மாதிரி பாட்டு ஆட்டம் நடிப்பு மூணையும் ஒரே அளவுல போட்டுக் குடுக்கிற டிகிரி நான் பாத்ததில்ல. திருச்சூர்ல நடிப்பு நல்லா வரும், பாட்டு அவங்கவங்க சொந்த முயற்சி. புள்ளைக்கு அதுதான் வேணும்னா என் பேச்சு எடுபடாது.

ஆனா கிட்டப்பா 27 வயசுல செத்துட்டாரு, அதுக்குள்ள அவரு பாடினத இன்னைக்கும் பேசறோம். அவருக்கு எந்த சம்மர் கோர்ஸ்? சின்னப் பையனா நாடகக் கம்பெனில சேந்தாரு, அவ்ளோதான். இன்னைக்கும் மதுரை புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்துல ராஜபார்ட் ஒரு ஊரு, ஸ்திரீபார்ட் ஒரு ஊரு, ரிகர்சலே கெடையாது, மேடைல தான் பாத்துக்கறாங்க, விடிய விடிய பாட்டும் தர்க்கமும். பங்குனில கோயில் கொடையப்ப ஒரு ராத்திரி புள்ளயக் கூட்டிட்டுப் போய் ஆர்மோனியக்காரர் பக்கத்துல உக்கார வச்சுப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறை அம்மிணி:

தம்பி, கம்பெனில சேந்த பையங்க பட்ட அடியையும் சேத்துச் சொல்லோணுமுங்க. அதோட பொம்பளப் புள்ளைய விடிய விடிய நாடகத்துக்கு எந்த வீட்டுல அனுப்பறாங்க? ஹாஸ்டல்ல ராத்திரி பதினொண்ணுக்கு ஆள் கணக்கு எடுத்துப் பூட்டறாங்கன்னு தெரிஞ்சதுக்கப்புறம்தான் எங்க வீட்டுல ஒத்துக்கிட்டாங்க.

புத்தூர் மாமா:

அம்மா நான் சித்தூர் பக்கம் புத்தூர். என் தங்கச்சி பையன் விசயத்துல நான் ஏமாந்தத சொல்றேன், நீங்க ஏமாறாதீங்க.

திருப்பதில ஒரு கன்சல்டன்சி. இந்த சம்மர் கோர்ஸ் போட்டா அதே காலேஜ்ல டிகிரி சீட்டு கன்பார்ம்னு சொல்லி எம்பத்தஞ்சாயிரம் வாங்கினான். அப்புறம் பாத்தா அந்த அப்ளிகேஷன் நாமளே நெட்டுல போடறது, ஒரு பாரம், ரெண்டு வீடியோ, ஒரு கட்டுரை, டீச்சர் லெட்டர். அவன் பண்ணது அத டைப் அடிச்சது மட்டும்தான், அதுலயும் பையன் பேர் ஸ்பெல்லிங் தப்பு, பாஸ்போர்ட்டோட ஒத்து வரல. ஏஜென்ட் வேண்டவே வேண்டாம்மா.

விசா: காலேஜ்காரங்க, சேத்துக்கிட்டோம்னு விசாவுக்குக் காட்டற ஐ-20ன்னு ஒரு பாரம் அனுப்புவாங்களான்னு மொதல்ல மெயில் போட்டுக் கேளுங்க. வாரத்துக்கு பதினெட்டு மணி நேரத்துக்கு மேல கிளாஸ் இருந்தா டூரிஸ்ட் விசால போவ முடியாது, எஃப்-1 ஸ்டூடன்ட் விசா வேணும், இந்தக் கோர்ஸ் எல்லாம் காலைல இருந்து ராத்திரி வரைக்கும் இருக்கு, பதினெட்டு மூணே நாள்ல தாண்டிடும். நாங்க போனப்ப விசா பீஸ் 185 டாலர், வெளிநாட்டு ஸ்டூடன்ட்ட பதிவு பண்ற செவிஸ் பீஸ்னு தனியா 350 டாலர், அது போக வேற எதுனா சேத்திருக்காங்களான்னு பாத்துக்குங்க. ஏப்ரல் மே மாசம் எல்லா ஸ்டூடன்ட்டும் வரிசைல நிப்பாங்க, இன்டர்வியூ தேதி கெடைக்காது. ஐ-20 கைக்கு வந்த அன்னைக்கே தேதி புடிங்க. உங்களுக்கு சென்னை, எங்களுக்கு ஐதராபாத்.

வீடியோவுக்கு ஒரு டிப்ஸ். ஆரம்பத்துல பேர் சொல்லி முழு உருவமும் தெரியற மாதிரி நிக்கணும், நடுவுல வெட்டி ஒட்டக் கூடாது, ஒரே ஓட்டம். எங்க பையன் பதினோராவது தடவ நல்லா பாடினான், கடைசி வரில எங்கம்மா குக்கர் விசில் விட்டுச்சு.

உங்க மாமனாருக்கு எங்க ஊர் கதையும் சொல்லுங்க. கடப்பா ஜில்லா சுரபின்ற கிராமத்துல 1885ல ஒரு குடும்பம் நாடகம் போட ஆரம்பிச்சாங்க, இன்னும் அந்தக் குடும்பங்கதான் போட்றாங்க, தாத்தா, மருமவ, கைக்கொழந்த எல்லாம் மேடைல. அவங்களுக்கு வீடே ட்ரெயினிங். நமக்கு அது இல்லியே, அத்தக் காசு குடுத்து வாங்கறோம். வேற இன்னா பண்றது.

செங்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மொத்தத்தையும் வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் உரக்கப் படிச்சுக் காட்டினேன். சவிட்டு நாடகத்துல தமிழ்ப் பாட்டுன்னதும் மாமனாரு நிமிந்து உக்காந்துட்டாரு, புத்தூர் அண்ணன் சொன்ன குக்கருக்கு வீட்டுக்காரரு சிரிச்சாரு, பீஸப் பாத்ததுக்கப்புறம் இன்னைக்குத்தான் சிரிக்காரு.

ஸ்கூல்ல கேட்டேன். சிபிஎஸ்இல 75 சதவீதம் அட்டென்டன்ஸ் இருக்கணும், நாலு வாரம்னா சமாளிச்சிரலாம், ஆறு வாரம்னா அதுக்கப்புறம் காய்ச்சல் கூட வரக் கூடாதுன்னு பிரின்சிபல் சொல்லிட்டாங்க. அதனால நாலு வாரத்துக்கு உள்ள இருக்கிறது மட்டும் பாக்கோம். உதவித் தொகை தந்தாத்தான் போறது, இல்லன்னா இல்லன்னு மககிட்ட சொல்லியாச்சு. ஒரு நாள் மூஞ்சத் தூக்கி வச்சிருந்தா, அப்புறம் சரின்னுட்டா. எப்படினாலும் வீடியோ எடுத்து அனுப்புவோம், அனுப்புறதுக்கு என்ன. பங்குனில நாடகம் பாக்கவும் கூட்டிட்டுப் போறதா மாமனாரு சொல்லியிருக்காரு, புனலூர் தம்பிக்கு அவரு நன்றி சொல்லச் சொன்னாரு.

கொழிஞ்சாம்பாறை அக்கா, ஒண்ணு மட்டும். நம்ம கட்டைக்கு எழுதின பேப்பருன்னு சொன்னீங்களே, அத எங்க எழுதி வாங்குறது? தென்காசில நொட்டேஷன் படிக்கத் தெரிஞ்ச ஆளு சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவரு ஒருத்தருதான், அவருட்ட கேக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அம்மிணி:

தாராளமாக் கேளுங்க, எங்களுக்கும் கடைசில எழுதிக் குடுத்தது சர்ச்சுக்காரர்தான். சும்மா வாங்காதீங்க, ஒரு மணி நேரம் அவரையே வாசிக்க வெச்சு பொண்ணப் பாட வெச்சுருங்க, பக்கத்துல ஒருத்தர் வாசிக்க நின்னு பாடற பழக்கம் வரோணும்.

அப்புறம் எம்பொண்ணோட பைண்டர் இங்க அலமாரில சும்மாதான் கெடக்குது. பதினஞ்சு இருவது பாட்டு, வெட்டுக் குறி போட்டு, ஓரத்துல மூச்சு எங்க எடுக்கோணும்னு எழுதினது. டேப் ஷூ கூட இருக்குது, ஆறாம் நம்பரு. பாலருவி எக்ஸ்பிரஸ் உங்க ஊர் வழியா பாலக்காடு வருதுங்களே, ஒரு சனிக்கிழமை ஏறி வாங்க, அவளும் அன்னைக்கு பெங்களூர்ல இருந்து வந்துருவா. கொழந்தைக ரெண்டும் பேசிக்கட்டும். வர்றதுக்கு முன்னாடி ஷூ நம்பர் மட்டும் சொல்லிருங்க.