ஜிபியூ கொடுத்த விஎம்: உள்ளே 8 ஜிபி, ஹோஸ்ட்டில் 32 ஜிபி. நடுவில் 24 எங்கே போச்சு?

ஈயச்சொம்பு (கேள்வி)

டெபியன் ஹோஸ்ட் (விஎம்களைத் தாங்கும் நிஜ இயந்திரம்), ரேம் 64 ஜிபி, கேவிஎம் + லிப்விர்ட் (விஎம்களை ஓட்டி நிர்வகிப்பவை), வட்டுகள் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில். விஎம் (மெய்நிகர் இயந்திரம்) இரண்டு. முதலாவது உபுண்டு, அதற்கு ஒரு ஜிபியூவை விஎஃப்ஐஓ (வன்பொருளை விஎம்மிடம் ஒப்படைக்கும் லினக்ஸ் வசதி) வழியாக நேரடியாகக் கொடுத்திருக்கிறது. விஎம்மின் எக்ஸ்எம்எல் அமைப்பில் மெமரி (உச்ச அளவு) 32 ஜிபி, கரண்ட்மெமரி (இப்போதைய அளவு) 8 ஜிபி. தேவைப்படும்போது பலூனை (விஎம்முக்குள் ஊதி, ரேமை ஹோஸ்ட்டுக்குத் திருப்பித் தரும் மெய்நிகர் சாதனம்) சுருக்கி ஏற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு.

கார்டு இல்லாதவரை கணக்கு சரியாக இருந்தது. கார்டைச் சேர்த்த பிறகு, விஎம் கிளம்பும்போதே ஹோஸ்ட்டில் 32 ஜிபி முழுசாகப் போய்விடுகிறது. உள்ளே பார்த்தால் மொத்த ரேமே 8 ஜிபி என்றுதான் காட்டுகிறது. இரண்டாவது விஎம்மை (24 ஜிபி, எந்தக் கார்டும் இல்லை) ஏற்றினால் சில நேரம் ஜிபியூ விஎம் செத்துவிடுகிறது. எர்ரர் மெசேஜ் எதுவும் உள்ளே இல்லை. கேஎஸ்எம் (ஒரே மாதிரியான ரேம் பக்கங்களை ஒன்றாக இணைப்பது) போட்டும் பலனில்லை.

கல்தச்சன்

அந்த 24 ஜிபி யாருக்கும் உதவாமல் நிற்கிறது. கெஸ்ட்டும் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டம்) தொட முடியாது, ஹோஸ்ட்டும் எடுக்க முடியாது.

சாதாரண விஎம்மில் கெஸ்ட் தொட்ட பக்கத்துக்கு (ரேமின் சிறு துண்டு) மட்டும்தான் ஹோஸ்ட் ரேம் ஒதுக்கும். தொடாத பக்கத்தைத் தொட்டால் ஃபால்ட் வரும், கெர்னல் அப்போது ஒரு பக்கம் தேடிக் கொடுக்கும். ஜிபியூ அப்படிக் காத்திருக்காது. டிஎம்ஏ (கார்டு நேராக ரேமைப் படித்து எழுதுவது) சிபியூவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஐஓஎம்எம்யூ (சாதனங்களுக்கான முகவரி மாற்றி) அட்டவணையில் என்ன முகவரி இருக்கிறதோ அங்கே நேராகப் போய் எழுதும். கெஸ்ட் டிரைவர் எந்தப் பக்கத்தைக் கார்டிடம் நீட்டும் என்பதும் ஹோஸ்ட்டுக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே விஎஃப்ஐஓ செய்வது ஒன்றே ஒன்று: கெஸ்ட்டின் ரேம் முழுவதையும் தொடக்கத்திலேயே ஒதுக்கி, ஆணி அடித்துவிடும், அதாவது அசையவிடாது. அதற்குப் பிறகு ஸ்வாப்புக்கும் போகாது, கேஎஸ்எம்மும் இணைக்காது.

பலூன் விஷயம் இன்னும் மோசம். ஆணி அடித்த பக்கத்தை க்யூஎமு (விஎம்மை ஓட்டும் ப்ராசஸ்) விடுவித்துவிட்டு, பிறகு கெஸ்ட் அதே முகவரியைத் தொட்டால் சிபியூவுக்குப் புதுப் பக்கம் கிடைக்கும். கார்டோ பழைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். தரவு சத்தமில்லாமல் கெடும். இதைத் தடுக்கத்தான் 2018-இலிருந்து, விஎஃப்ஐஓ சாதனம் இருந்தால் க்யூஎமு பலூனின் விடுவிப்பைப் புறக்கணிக்கிறது. ஆனால் கெஸ்ட்டுக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு 24 ஜிபியை ஊதிக் கொடுத்துவிட்டு 8-இல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போதைக்கு விர்ஷ் செட்மெம் போட்டு 32 ஜிபி கொடுங்கள், கெஸ்ட்டுக்காவது அது திரும்பும். நிரந்தரத்துக்கு விர்ஷ் எடிட்டில் மெமரி, கரண்ட்மெமரி இரண்டையும் ஒரே எண்ணாக வையுங்கள். அந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு வேண்டுமோ அதுதான் எண். "இருக்கட்டும்" என்று 32 எழுதும் பழக்கத்தை ஜிபியூ விஎம்மில் விட்டுவிடுங்கள். பலூன் சாதனத்தை எடுக்க வேண்டும் என்றில்லை, புள்ளிவிவரம் பார்க்க உதவும்.

சரிபார்க்க: ப்ராக் கோப்பகத்தில் அந்த க்யூஎமு ப்ராசஸின் ஸ்டேட்டஸ் கோப்பில் விஎம்எல்சிகே என்ற வரி (பூட்டிய ரேமின் அளவு). ஐஓஎம்எம்யூஎஃப்டி (அதே வேலைக்கான புதிய கெர்னல் இடைமுகம்) வழியாக ஓட்டினால் விஎம்பின் என்ற வரியில் வரும்.

மோர்மிளகாய்

விஎம் சாவதற்குக் காரணம் தனி. இசட்எஃப்எஸ்-இன் ஏஆர்சி கேஷைக் கணக்கில் சேர்த்தீர்களா? பல பதிப்புகளில் அதன் உச்சவரம்பு ரேமில் பாதி, அதாவது உங்களிடம் 32 ஜிபி. ஃப்ரீ கட்டளையில் அது கேஷ் பத்தியில் வராது, யூஸ்டில்தான் வரும். 32 + 32 ஆன இடத்தில் இன்னொரு 24 கேட்கிறீர்கள். ஏஆர்சி சுருங்கும், ஆனால் அவசரத்துக்குச் சுருங்காது. ஊம் கில்லர் (ரேம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் கெர்னல் பகுதி) வந்தால் புதிதாக வந்தவனை விட்டுவிட்டு, பெரிய ப்ராசஸைத்தான் பெரும்பாலும் அடிக்கும். அது உங்கள் ஜிபியூ விஎம். கெஸ்ட் லாகில் எதுவும் இருக்காது, ஹோஸ்ட்டின் டிமெசேஜில் (கெர்னல் லாக்) பாருங்கள்.

இசட்எஃப்எஸ் மாட்யூலின் ஆர்க் மேக்ஸ் அளவுருவை 4294967296 (4 ஜிபி) என்று மோட்ப்ரோப் கோப்பில் எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்து, ரீபூட் செய்யுங்கள். பிறகு ஜிபியூ விஎம் 16, மற்றது 24, ஏஆர்சி 4 போட்டாலும் ஹோஸ்ட்டுக்கு 20 மிச்சம். கார்டு இல்லாத 24-க்குப் பலூனும் கேஎஸ்எம்மும் வழக்கம்போல வேலை செய்யும். விட்டுக்கொடுக்கச் சொல்வதென்றால் அதைச் சொல்லுங்கள்.

இரும்பாணி

எப்படியும் ஆணி அடிக்கப் போகிறது என்றால் ஹியூஜ்பேஜே (பெரிய அளவுப் பக்கம்) போட்டுவிடலாம். 16 ஜிபிக்கு 1 ஜிபி பக்கம் 16, அல்லது 2 எம்பி பக்கம் 8192. 1 ஜிபி பக்கங்களைக் கெர்னல் பூட் வரியிலேயே கேளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்டால் தொடர்ச்சியான இடம் கிடைக்காமல் 16-க்கு 11 தந்துவிட்டு நிற்கும். விஎம் கிளம்பும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறையும்.

கல்தச்சன்

@இரும்பாணி சரிதான், ஆனால் அந்த 16 ஜிபி விஎம் அணைந்திருக்கும்போதும் வேறு யாருக்கும் கிடைக்காது. எப்போதாவது மட்டும் ஏற்றும் விஎம்முக்கு வேண்டாம். இரண்டு சாக்கெட் போர்டு என்றால் இன்னொரு கண்ணி: பூட் வரியில் கேட்ட 16, நோடுக்கு (ஒரு சாக்கெட்டும் அதன் ரேமும் சேர்ந்த பகுதி) 8 ஆகப் பிரிந்துவிடும். கார்டு எந்த நோடில் என்று அதன் நூமா நோட் கோப்பைப் பார்த்து, அந்த நோடிலேயே ஒதுக்குங்கள். ஒரே சாக்கெட்டில் பெரும்பாலும் -1 காட்டும், கவலை இல்லை.

ஈயச்சொம்பு

16/16 ஆக்கி, ஏஆர்சியையும் 4-இல் நிறுத்தியாயிற்று. விஎம்எல்சிகே 16777216 கேபிக்குச் சற்று மேல். இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. பாதுகாப்புக்கு மெம்ட்யூனில் (எக்ஸ்எம்எல்லின் ரேம் வரம்புப் பகுதி) ஹார்ட் லிமிட் 16 ஜிபி போடலாமா?

மோர்மிளகாய்

போடாதீர்கள். லிப்விர்ட் தானாகவே கெஸ்ட் ரேமுடன் 1 ஜிபி சேர்த்து மெம்லாக் (எவ்வளவு ரேமுக்கு ஆணி அடிக்கலாம்) வரம்பு வைக்கிறது. ஹார்ட் லிமிட் எழுதினால் அந்த எண்தான் மெம்லாக் வரம்பாகும். 16-க்குச் சரியாக 16 என்றால் டிஎம்ஏ மேப் -12 (மெமரி போதவில்லை) என்று விழும். தப்பித்தாலும் க்யூஎமுவின் சொந்தச் செலவு சேர்ந்து சிகுரூப் (ப்ராசஸ் குழுக்களுக்கு வரம்பு வைக்கும் கெர்னல் வசதி) கொன்றுவிடும். க்யூஎமுவை லிப்விர்ட் இல்லாமல் சாதாரண யூசராக ஓட்டுபவர்கள் மட்டும் மெம்லாக்கைக் கையால் உயர்த்த வேண்டும். கெஸ்ட்டுக்குள் விஐஓஎம்எம்யூ (மெய்நிகர் ஐஓஎம்எம்யூ) வைத்து இரண்டு கார்டு கொடுத்தால், ஒரே ரேமை இரண்டு முறை எண்ணும். வரம்பும் இரட்டிக்க வேண்டும்.

இரும்பாணி

ஏற்றி இறக்கியே ஆக வேண்டும் என்றால் பலூனுக்குப் பதில் விர்ட்டியோ-மெம் (ரேமைத் துண்டு துண்டாகச் செருகிக் கழற்றும் மெய்நிகர் சாதனம்). க்யூஎமு 6.1-இலிருந்து விஎஃப்ஐஓவுடன் ஒத்துப்போகும்: செருகிய துண்டுக்கு மட்டும் ஆணி, கழற்றினால் ஆணியும் கழலும். கெஸ்ட் கெர்னல் 5.8 அல்லது மேல். செருகும் ரேம் நகர்த்தக்கூடிய மண்டலத்தில் சேரும்படி கெஸ்ட்டில் அமைக்காவிட்டால் திரும்பக் கழற்றுவது பாதியில் நிற்கும். துண்டு அளவையும் பாருங்கள். விஎஃப்ஐஓவின் டிஎம்ஏ பதிவு வரம்பு 65535. 2 எம்பி துண்டில் 128 ஜிபி வைத்தால் 65536 பதிவு வரும், ஒன்றே ஒன்றில் இடிக்கும். உங்கள் அளவுக்கு அந்தக் கவலை இல்லை.