அந்தப் பொம்மை யாரைக் காப்பாற்ற?

நிழல்கூத்து: "பேய்ப்படத்தில் நடிக்கிற குழந்தையிடம் எதையும் சொல்லாமல் இருந்தாலே போதும், 'தி ஷைனிங்' பேய்ப்படத்துப் பையனைப் பாருங்கள்" என்று நேற்று இந்த இணைய மன்றத்தில் ஒருவர் அளந்திருக்கிறார். 1978இல் படப்பிடிப்பு தொடங்கியபோது அந்தப் பையனாக நடித்த டேனி லாய்டுக்கு ஐந்து வயது. பேய்ப்படம் என்று சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் படத்தில் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு கணவனிடம் கத்தும் காட்சியில் இருப்பது ஆளுயரப் பொம்மை! காப்பாற்றியது பொய்யல்ல, பொம்மை.

கிளாப்பலகை: அளந்தது நான்தான் சார். இயக்குநர் குப்ரிக் ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எத்தனை டேக் எடுப்பார்னு ஊருக்கே தெரியும். அத்தனைக்கும் பையனைத் தூக்கினா நடிகையோட இடுப்பு என்னாகும்? எடைக்காக வச்ச பொம்மை அது. அப்புறம், ஆளுயரம் இல்ல, பையன் உயரம்.

நிழல்கூத்து: உயரம் அளக்க வந்துவிட்டார்! போன மாதம் ஒலிக்கலவை இழையில் வாங்கிய அடி இன்னும் ஆறவில்லை போல. தொழில் தெரிந்தவர் செய்வது இதுதான்: கத்தல், கோடாரி எல்லாம் பொம்மையை வைத்துத் தனி ஷாட். பையனின் குளோசப் வேறு நேரத்தில், கேமராவுக்குப் பக்கத்தில் அவனுடைய சொந்த அம்மாவை நிற்க வைத்து. பேய் வேஷத்தை முதல் பூச்சிலிருந்தே குழந்தை எதிரில் போட வேண்டும், கலைப்பதையும் காட்ட வேண்டும். திடீரென்று காட்டி மிரட்டினால் ஒரு டேக் கிடைக்கும். இரண்டாவதுக்குக் குழந்தை வராது.

மூன்றாம்ரீல்: பொம்மையை விடுங்கப்பா. 'எக்ஸார்சிஸ்ட்' பேய்ப்படம் எடுக்கும்போது கட்டிலில் உலுக்குற எந்திரத்தில் பிணைப்பு தளர்ந்து, பேய் பிடிச்ச சிறுமியா நடிச்ச லிண்டா பிளேருக்கு முதுகு போச்சு. அலறினதை நடிப்புன்னு நினைச்சாங்க. 'நிறுத்துங்க'ன்னு வசனமே இருந்தா எவன் நிறுத்துவான்? வசனத்துல வராத ஒரு சொல், 'மாம்பழம்'னு வச்சுக்கோங்க, முன்னாடியே பேசி வைக்கணும். காதுல விழுந்ததும் எந்திரத்தை இயக்குறவரே நிறுத்தணும், 'கட்'டுக்குக் காத்திருக்கக் கூடாது.

கிளாப்பலகை: அது எந்திரக் கோளாறு, இதுல ஏன் நுழைக்கிறீங்க? நம்ம ஊர்ல குழந்தை நடிகர்களுக்கு 2017 விதி இருக்கே: நாளுக்கு 5 மணி நேரம், ஓய்வில்லாம 3 மணி நேரத்துக்கு மேல கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல கூடாது, 5 குழந்தைக்கு ஒரு பொறுப்பாளர். இது போதாதா?

நிழல்கூத்து: மணிக்கணக்கு பயத்தை அளக்குமா? அந்தப் பொறுப்பாளர் தயாரிப்பு மேனேஜரின் ஆளாக இருந்தால் யாருக்காகக் கை தூக்குவார்? ஒன்று கேட்கிறேன், எடைதான் காரணம் என்றால் மற்ற காட்சிகளில் ஏன் பையனையே தூக்கினார்கள்?

கிளாப்பலகை: எந்தக் காட்சின்னு நிமிஷத்தோட போடுங்க, பேசலாம்.

நிழல்கூத்து: முதலில் நீங்கள் அந்தப் பொம்மையின் எடையைப் போடுங்கள்.

மூன்றாம்ரீல்: மாம்பழம். மாம்பழம்.