பட்டறைக்குள் ஒரு பரண்

(குழு: வெல்லம்பிட்டி வீட்டார்)

மாமா: பட்டறையின் பின்பக்கம் பரண் ஒன்று அடிக்கப் போகிறேன். 12 அடிக்கு 8 அடி. நாளைக் காலை மரவேலை பாஸ் வருகிறார்.

மாமி: 2016 மே வெள்ளத்தில் மூன்று மோட்டர் போனபோதே சொன்னேன்.

மாமா: இப்போதுதான் கேட்டுவிட்டேனே.

அண்ணா: பாரம் எதில் நிற்கும் மாமா?

மாமா: கூரை வளையில் கம்பி கட்டித் தொங்கவிடலாம் என்கிறார் பாஸ். கால் இல்லாவிட்டால் கீழே பைக் விடலாமாம்.

அண்ணா: வேண்டாம் மாமா. அந்த வளை கூரைச் சீற்றைத் தாங்கப் போட்டது. சாமான் வைக்கும் தளம் சதுர அடிக்கு 125 றாத்தல் தாங்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதி. உங்கள் 96 சதுர அடிக்கு 12,000 றாத்தல், கிட்டத்தட்ட ஐந்தரைத் தொன். நீங்கள் அவ்வளவு ஏற்றமாட்டீர்கள், ஆனாலும்...

தம்பி: ஏற்றுவார். எரிந்த மோட்டர்ச் சுருளின் செம்பைக்கூட விற்காத மனுசன்.

அண்ணா: நிலத்திலிருந்து இரும்புக் கால் போடுங்கள். 12 அடிக்கு நடுவிலும் ஒரு கால். கால்களின் இடைவெளி பாதியானால் பரண் வளையின் தொய்வு பதினாறில் ஒரு பங்குதான். ஆறடிக்குள் பைக் தாராளமாகப் போகும். கால் ஆடாமல் மூலைக்கு மூலை சாய்வுச் சட்டமும் வேண்டும்.

மாமா: 2க்கு 6 அங்குல மரம் வாங்கிவிட்டேன். படுக்கப் போட்டால் உயரம் மிச்சமாம்.

அண்ணா: ஐயோ, நிமிர்த்தி வையுங்கள்! அதே மரம், அதே காசு, விறைப்பு 9 மடங்கு. நாலு அங்குலம்தான் நட்டம்.

மாமா: அட. பாஸ் முறைப்பார்.

தம்பி: போல்ட், அடித்தட்டு எல்லாம் நான் பழைய சோனகத் தெருவில் வாங்கி வருகிறேன். ஏணியா, படியா?

மாமி: படி. முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பது நான். வார்னிஷ், தின்னர் டின் எதுவும் மேலே போகக் கூடாது. மத்தியானம் அந்தச் சீற்றுக்குக் கீழே அடுப்புதான்.

அண்ணா: மாமி சொல்வது சரி. கைப்பிடியும் அடியுங்கள். விளிம்பில் நாலு அங்குலப் பலகை ஒன்று, ஸ்பானர் உருண்டு யாருடைய தலையிலும் விழாமல்.

மாமா: சரி மருமகன், நாளைக்கு நீயே வந்து பாஸிடம் சொல். எனக்கு அவரோடு சண்டை பிடிக்க ஏலாது.

மாமி: அப்போ சோறு ஐந்து பேருக்கு. தம்பி, அந்தச் செம்பை இன்றைக்கே எடைக்குப் போடு.

மாமா: அதில் கை வைக்காதே!