ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல பீம் மேல தரை மேடா நிக்குது, என்ன செய்யலாம்?

கீழக்கரைவாசி:
கடல் பக்கம் வீடு, மணல் நெரப்பி கட்டுனது. ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல பிளிந்த் பீம் (தரைக்கு அடியில, அஸ்திவாரத்து மேல ஓடுற கம்பி போட்ட கான்கிரீட் உத்தரம்) போற வரிசையில டைல்ஸ் மேடா நிக்குது, ரெண்டு பக்கமும் சரிவு, கழுவிவிட்டா தண்ணி மூலையில போய் தேங்குது, வாப்பா கால் தடுக்கிருவாங்களோன்னு பயமா இருக்கு. கொத்தனார் பீமோட மேல்பக்கத்த கொத்தி எடுத்துரலாம்ங்கறார். செய்யலாமாண்ணே?

தொண்டி சைட்:
கொத்தவே கொத்தாதீங்க தம்பி! பீம் அநேகமா அங்கயேதான் இருக்கும், சரியா கெட்டிக்காத மணல்தான் ரெண்டு பக்கமும் இறங்கியிருக்கும். கம்பிய மூடி மேல இருக்குற கான்கிரீட் கவர் போச்சுன்னா நம்ம உப்புக்காத்துக்கு கம்பி சீக்கிரமே துருப்பிடிச்சிரும், துரு ஊதி கான்கிரீட்டையே பொளக்கும். மொதல்ல டியூப்ல தண்ணி மட்டம் புடிச்சு எங்க எவ்வளவு எறக்கம்னு சுவத்துல குறிச்சுக்கங்க.

மண்டபத்தான்:
அண்ணன் சொல்றது சரி. டைல்ஸ தட்டிப் பாருங்க, பொத்துன்னு சத்தம் வந்தா அடியில காலி. அந்தப் பக்கத்த ஒடச்சு, மணல 15 செ.மீ. அடுக்கடுக்கா நனைச்சு திமிசு போட்டு இடிச்சு கெட்டிச்சு, 1:4:8 கான்கிரீட் (சிமெண்ட் 1, மணல் 4, ஜல்லி 8) போட்டு, பீம் மட்டத்துக்கு ஏத்துங்க. கடல் மணல் மட்டும் வேணவே வேணாம். அதுக்கு முன்னாடி குழாய் எங்கயாச்சும் கசியுதான்னு பாத்துருங்க, கசிஞ்சா திரும்பவும் இறங்கும்.

கீழக்கரைவாசி:
தட்டிப் பாத்தேன், அடுப்படிப் பக்கம் பொத்துபொத்துன்னுதான் கேக்குது. பீம் மேல வெடிப்பு எதுவும் இல்ல.

தொண்டி சைட்:
அப்ப சிங்க் குழாயிலிருந்து ஆரம்பிங்க தம்பி.