‘ஐந்து நிறம் விடுங்கள்’: ஈயம் வைத்த தூண்டில் கயிற்றுக்கு ஒரு சொல்

ஸ்கார்பரோ மொழிபெயர்ப்பாளர், திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம். ஒண்டாரியோ ஏரியில் சால்மன் பிடிக்க ஆட்களை ஏற்றிச் செல்லும் படகுக்காரர் ஒருவர், தமிழர்கள் நிறைய வருகிறார்கள் என்று தம்முடைய நான்கு பக்கக் கையேட்டைத் தமிழில் கேட்டிருக்கிறார். வெள்ளி காலைக்குள் கொடுக்க வேண்டும். எனக்கு முன்பே யாரோ அதை இயந்திரத்தில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ‘லெட்கோர் லைன்’, அதாவது உள்ளே ஈயம் வைத்த தூண்டில் கயிறு, ‘முன்னணி மையக் கோடு’ ஆகியிருந்தது. ஈயத்தைக் குறிக்கும் ‘லெட்’டை இயந்திரம் ‘லீட்’ என்று படித்துவிட்டது. கட்சி மாநாட்டுத் தீர்மானம் போல் இருக்கிறது.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். நைலான் பின்னலுக்குள் மெல்லிய ஈயக் கம்பி ஓடும். தூண்டிலுக்குத் தனியாகக் குண்டு கட்ட வேண்டாம். கயிற்றின் எடையே இரையைக் கீழே கொண்டுபோகும். பின்னலில் 10 கெஜத்துக்கு ஒரு நிறமாகச் சாயம் ஏற்றியிருப்பார்கள். 100 கெஜச் சுருள் என்றால் 10 நிறம். படகு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும்போது எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று எண்ணி, இரை எந்த ஆழத்தில் வருகிறது என்று கணிக்கிறார்கள். மணிக்கு 2 முதல் 2.5 மைல் வேகத்தில் ஒரு நிறத்துக்கு ஏறத்தாழ 5 அடி ஆழம் என்பது வழக்கக் கணக்கு.

கயிற்றுக்கு ஒரு சொல், ஓடும் படகின் பின்னால் தூண்டிலை விட்டுப் பிடிக்கும் ‘ட்ரோலிங்’ முறைக்கு ஒரு சொல், ‘நிறம்’ என்ற அளவைக்கு ஒரு சொல் வேண்டும். உதவுங்கள்.

பாளையங்கோட்டை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், செவ்வாய் காலை

தம்பி, முதலில் ஈயத்தைத் தெளிவு செய்துகொள்வோம். நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு எந்த ஈயம்? வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயமே. உங்கள் கயிற்றுக்குள் இருப்பது காரீயம். அதில் ரசம் வைத்தால் குடும்பம் மருத்துவமனைக்குப் போகும். வெறுமனே ‘ஈயக் கயிறு’ என்று எழுதுவது பொறுப்பற்ற செயல்.

இனி உள்ளே இருக்கும் கம்பி. ‘மையம்’ வேண்டாம், ‘உள்ளகம்’ வேண்டாம். தொல்காப்பியர் மரபியலில் வெளியே வயிரம், அதாவது முற்றி இறுகிய பகுதி, உள்ளதைப் புல் என்றும் உள்ளே வயிரம் உள்ளதை மரம் என்றும் பிரிக்கிறார். புறக்காழ், அகக்காழ். பனை புல், தேக்கு மரம். காழ் என்றால் உள்ளிருந்து உறுதி தருவது. இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொல் காத்திருக்கிறது: காரீயக்காழ்க் கயிறு.

அளவைக்கு ‘ஆழப்படி’ என்று வைக்கலாம். ஒவ்வொரு நிறமும் ஒரு படி இறக்கம் அல்லவா?

தூத்துக்குடி, மீன்பிடித் தொழில்நுட்பம் படித்தவர், செவ்வாய் மதியம்

முறைக்கு ‘இழுவைத் தூண்டில்’ என்று எழுதிவிடுங்கள். படகு இழுக்கிறது, தூண்டில் பின்னால் வருகிறது. சொல்லைப் பார்த்தாலே வேலை விளங்குகிறது.

பருத்தித்துறை, ஆசிரியை, செவ்வாய் மாலை

இழுவை என்ற சொல்லை எங்கள் பக்கத்து மீனவர் முன்னால் சொல்லிப் பாருங்கள் தம்பி. எங்களுக்கு இழுவை என்றால் கடலின் அடியைச் சுரண்டிக்கொண்டு போகும் இழுவைமடி வலை. இலங்கையில் 2017இல் சட்டம் போட்டுத் தடைசெய்த தொழில் அது. ஸ்கார்பரோவில் இந்தக் கையேட்டைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப்பேர் வடக்கிலிருந்து போனவர்கள். அவர்களிடம் ‘இழுவை செய்ய வாருங்கள்’ என்று கூப்பிடுவீர்களா? ஒற்றைத் தூண்டிலை ஓடவிடுவதற்கும் மடியால் அடியோடு வாருவதற்கும் ஒரே பெயர் வைக்க வேண்டாம். ‘ஓட்டுத் தூண்டில்’ என்று வையுங்கள்.

பாளையங்கோட்டை, செவ்வாய் இரவு

அம்மா சொல்வது நியாயம். ஆனால் ‘ஓட்டு’ வினைப்பகுதி என்றால் இது வினைத்தொகை, ஒற்று மிகாது. பெயர் என்றால் வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும். மிகுத்து எழுதினாலோ, தேர்தல் காலத்தில் வாக்காளருக்குப் போடும் தூண்டில் என்று பொருள்பட்டுவிடும். அதற்கு இங்கே வேறு பெயர்கள் இருக்கின்றன. ‘ஓடுதூண்டில்’ எனலாம். ஓடிய, ஓடுகின்ற, ஓடும் தூண்டில்.

தூத்துக்குடி, செவ்வாய் இரவு

ஓடுவது படகு ஐயா, தூண்டில் அல்ல.

பாளையங்கோட்டை, செவ்வாய் நள்ளிரவு

படகு ஓடினால் தூண்டிலும் ஓடும். ஓடாத தூண்டிலுக்குக் குறுந்தொகையில் மீனெறி தூண்டிலார் என்ற புலவர் இருக்கிறார். யானை வளைத்து விட்ட மூங்கில், மீன் பட்ட தூண்டில்போல் மேலே எழுகிறது என்றார். அந்த உவமையாலேயே அவருக்குப் பெயர். நம்மில் எவருக்காவது ஒரு கலைச்சொல்லால் பெயர் நிலைக்குமா?

பினாங்கு, புதன் காலை

கயிறு என்று எல்லாரும் எப்படி ஒப்புக்கொண்டீர்கள்? கயிறு தடிமனானது. பருத்தித்துறை அக்கா பக்கத்தில் நைலான் ஒற்றையிழைக்குத் ‘தங்கூசி’ என்பார்களே, அதை ஏன் எடுக்கவில்லை? இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு நெடுநாள் ஐயம். இங்கே மலாயில் தூண்டில் இழைக்குத் ‘தங்சி’ என்கிறார்கள். இரண்டும் உறவு என்றே நினைக்கிறேன். சப்பானியரும் தூண்டில் இழையைத் ‘தெகுசு’ என்கிறார்கள். அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று கடல்வழியே ஒரு சொல் சுற்றியிருக்க வேண்டும்.

பாளையங்கோட்டை, புதன் காலை

தங்கு + ஊசி. தூண்டில் முள் தங்கும் இழை. சப்பானுக்குப் போக வேண்டியதில்லை.

பருத்தித்துறை, புதன் மதியம்

அது எப்படி வந்தாலும் சரி. எங்கள் ஊர்ப் பத்திரிகைகளில் தங்கூசி ‘தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை’ என்றுதான் வருகிறது. சட்டத்தில் சிக்காத ஒரு சொல் கிடைக்காதா?

மிஸ்ஸிசாகா, ட்ரக் ஓட்டுநர், புதன் இரவு

நான் பெரும்பாலும் வாசிப்பதோடு நிறுத்திக்கொள்பவன். ஆனால் போர்ட் கிரெடிட்டிலிருந்து ஆண்டுக்கு நாலைந்து முறை படகில் போகிறவன் என்பதால் எழுதுகிறேன். ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், ‘ஆழப்படி’ என்று எழுதினால் மீன் கிடைக்காது.

நிறம் என்பது நீளம், ஆழம் இல்லை. அதே 5 நிறம், அதாவது 150 அடிக் கயிறு, 2.5 மைல் வேகத்தில் 25 அடியில் வரும். வேகத்தை 1.5 மைலுக்குக் குறைத்தால் இன்னும் பல அடி கீழே போய்விடும். கூட்டினால் மேலே ஏறும். அதுவும் கரையை வைத்துப் பார்க்கும் வேகம் அல்ல, நீரில் படகு நகரும் வேகம். நீரோட்டத்தோடு போனால் ஒரு கணக்கு, எதிர்த்துப் போனால் வேறு கணக்கு. கயிற்றின் நுனியில் கட்டும் இழையின் நீளம், இரை தானாகவே முங்கும் வகையா இல்லையா என்பதெல்லாம் இதற்கு மேல். கோடையில் மேல்நீர் சுட்டு, கீழ்நீர் குளிர்ந்து கிடக்கும். சினூக் சால்மன் 12 டிகிரிக்குப் பக்கத்துக் குளிரைத் தேடி அந்த அடுக்கில் நிற்கும். அங்கே இரையைக் கொண்டுபோய் வைப்பதுதான் முழு வித்தையும்.

போன ஆகஸ்டில் காலை முழுக்க ஒன்றும் கடிக்கவில்லை. படகுக்காரர் சுக்கானை மெல்ல இடப்பக்கம் திருப்பினார். வளைவின் உள்பக்கத் தூண்டிலுக்கு வேகம் குறைந்து அது இறங்கியது. வெளிப்பக்கத் தூண்டில் விரைந்து ஏறியது. உள்பக்கத்தது நாலு நொடியில் மீன் கடித்து வளைந்தது. யாரும் ஓர் அங்குலம் கயிறுகூடக் கூடுதலாக விடவில்லை. அன்றிலிருந்து எங்களுக்குப் புரிந்தது, ஆழத்தைக் கையில் வைத்திருப்பது கயிறு அல்ல, சுக்கான்.

காழ் பற்றி ஒன்று. முடிச்சுப் போடும்போது பின்னலைத் தள்ளி, உள்ளே ஈயத்தை விரலால் ஒடித்து, சில அங்குலம் உருவி எறிவோம். மிஞ்சுவது பாம்புச் சட்டை போல வெறும் உறை. அதற்குள் நுனி இழையை நுழைத்து முடிவோம். ஐயா சொன்ன அகக்காழ் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கையேட்டில் ‘காழ்’ என்று போட்டால் காழ்ப்புணர்ச்சி என்று படித்துவிட்டு, யாரோடு சண்டை என்று கேட்பார்கள். நாங்கள் படகில் ‘அஞ்சு கலர்’ என்கிறோம், வேலை நடக்கிறது.

பாளையங்கோட்டை, வியாழன் காலை

ஓட்டுநர் தம்பிக்கு நன்றி. ‘ஆழப்படி’யைத் திரும்பப் பெறுகிறேன், பொருள் பிழை. ஆனால் காழ்ப்பும் காழிலிருந்தே பிறந்தது. மனத்தில் முற்றி வயிரமாகிப் போன வெறுப்பு. மக்களுக்குத் தெரியவில்லை என்பதற்காகச் சொல்லைக் கைவிட்டால், தெரியாமலேயே போகும். மணி கோத்த வடத்துக்கும் காழ் என்று பெயர் உண்டு. நிறம் நிறமாகக் கோத்த கயிற்றுக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன?

தூத்துக்குடி, வியாழன் காலை

ஆழத்துக்குப் ‘பாகம்’ போடலாமே? எங்கள் மீனவர்கள் கையை விரித்து அளக்கும் ஆறடி. 25 அடி நாலு பாகம்.

மிஸ்ஸிசாகா, வியாழன் மதியம்

படகின் கருவி அடியில் காட்டுகிறது அண்ணா. மீன் வருகிற நேரத்தில் யார் ஆறால் வகுப்பது?

ஸ்கார்பரோ மொழிபெயர்ப்பாளர், வியாழன் இரவு

இன்னும் பத்து மணி நேரம்தான் இருக்கிறது. இப்படி எழுதி அனுப்பப்போகிறேன்:

“ஓடுதூண்டிலுக்கு ஈயக் கயிறு (உள்ளே காரீயக் கம்பி வைத்த பின்னல் கயிறு) பயன்படுத்துகிறோம். ‘ஐந்து நிறம் விடுங்கள்’ என்றால் ஐந்தாவது நிறம் முடியும்வரை கயிற்றை விடுங்கள். நிறம் கயிற்றின் நீளத்தைக் காட்டும். ஆழம் படகின் வேகத்தால் மாறும். ஆகவே படகு திரும்பும்போது கயிற்றைத் தொடாதீர்கள்.”

ஓடுதூண்டிலுக்கு மூவர் சரி என்றார்கள், தூத்துக்குடி அண்ணா இன்னும் இழுவையிலேயே நிற்கிறார். நிறத்துக்கு எதிர்ப்பு ஓய்ந்துவிட்டது. காரீயத்தை அடைப்புக்குறிக்குள் வைத்தது ஆசிரியர் ஐயாவுக்காக.

பாளையங்கோட்டை, வெள்ளி காலை

அடைப்புக்குறிக்குள் வைத்தது பூசினதுபோலவும் இருக்கிறது, பூசாததுபோலவும் இருக்கிறது. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். காழ்க் கயிறு.

பினாங்கு, ஞாயிறு

தங்கூசிக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நாகப்பட்டினத்துப் பக்கம் இந்தச் சொல் வழங்குகிறதா? இருந்தால், அங்குள்ள முதியவர்கள் அதை நைலான் வருவதற்கு முன்பும் சொன்னார்களா, அப்போது எந்த இழைக்குச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.