ரெஸ்யூமேயில் அந்த ஒரு வரியைப் போடலாமா?

பெருங்குடிவாசி:
சென்னையில் டெஸ்டிங் வேலை. நான் தன்பாலீர்ப்பாளன். ஒரு குவியர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோர்) அமைப்புக்குக் கணக்கு வழக்கு பார்க்கிறேன். அதை ரெஸ்யூமேயில் போட்டால் இன்டர்வியூவுக்கே கூப்பிடமாட்டார்களா? போன கம்பெனியில் "எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்று டீ நேரத்தில் தினமும் ஆரம்பிப்பார்கள். நான் மழுப்ப மழுப்ப, கடைசியில் கிளையன்ட்டோடு பேசும் போன் அழைப்புகளிலிருந்தே ஒதுக்கிவிட்டார்கள்.

எண்கணக்கன்:
2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. 1,769 வேலைகளுக்கு இரண்டிரண்டு கற்பனை விண்ணப்பங்கள். கல்லூரித் தன்பாலீர்ப்பாளர் அமைப்பின் பொருளாளர் என்றிருந்ததற்கு 7.2 சதவீதம் அழைப்பு. வேறொரு மாணவர் அமைப்பைப் போட்டதற்கு 11.5. டெக்சாஸ், ஒஹாயோவில் இடைவெளி அதிகம், கலிஃபோர்னியாவில் குறைவு. ஊரைப் பொறுத்தது!

வக்கீல் தம்பி:
2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவின் குற்றப்பழியை நீக்கியது, அவ்வளவுதான். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் வேலைப் பாதுகாப்பு திருநர்களுக்கு மட்டும். தனியார் கம்பெனி உங்களை ஒதுக்கினால் நேராகக் காட்ட ஒரு சட்டப்பிரிவு இல்லை. கம்பெனியின் குழுக் காப்பீட்டில் ஒரே பாலினப் பார்ட்னரைச் சேர்க்கிறார்களா என்று முதலில் பாருங்கள். கம்பெனி ஒட்டும் ஆதரவு போஸ்டரை நம்பாதீர்கள்.

பெருங்குடிவாசி:
சரிங்க. பார்ட்னருக்கும் காப்பீடு தரும் கம்பெனிக்கு மட்டும் அந்த வரியோடு அனுப்புகிறேன். மற்றவர்களுக்கு "தன்னார்வக் கணக்காளர்" போதும்.