முட்டம் பாறைகளில் லாங் எக்ஸ்போஷர்: 6 ஸ்டாப்பா, 10 ஸ்டாப்பா?

தக்கலைக்காரன்:
வணக்கம். குமரி மாவட்டம் முட்டத்தில் மாலை வெயிலில் பாறைகளில் மோதி வழிந்திறங்கும் நீரை, ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவைத்து (லாங் எக்ஸ்போஷர்) மென்மையாக எடுக்க விரும்புகிறேன். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு) என்று வைத்தால் 1/60 நொடிக்கு மேல் படம் வெளுத்துவிடுகிறது. எஃப்/22 வைத்தாலும் 1/15 நொடிதான் கிடைக்கிறது. லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டர் ஒன்றுதான் வாங்க முடியும். 6 ஸ்டாப், 10 ஸ்டாப் இரண்டில் எதை வாங்கலாம்?

குளச்சல் கரை:
முதலில் எஃப்/22-ஐ விட்டுவிடுங்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படத்தின் கூர்மை குறையும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும். 6 ஸ்டாப் ஃபில்டர் ஒளியை 64-இல் ஒரு பங்காக்குவதால் உங்கள் 1/60 நொடி ஏறக்குறைய 1 நொடியாகும். 10 ஸ்டாப் போட்டால் அதுவே சுமார் 17 நொடி. முட்டத்துக்கு நான் 6 ஸ்டாப்தான் சொல்வேன். அங்கே அழகே பாறை இடுக்குகளில் நீர் திரும்பி ஓடும் கோடுகள்தான். அரை நொடி முதல் 2 நொடி வரை எடுத்தால் அவை படத்தில் நிற்கும், 15 நொடியைத் தாண்டினால் எல்லாம் வெறும் பனிமூட்டமாகிவிடும் (சிலருக்கு அதுதான் பிடிக்கிறது, எனக்கில்லை). அலை ஏறும்போது அழுத்தினால் வெள்ளை நுரை மட்டுமே பதியும். மோதி முடிந்து பின்வாங்கத் தொடங்கும் கணத்தில் அழுத்துங்கள். பொழுது சாயச் சாய அதே ஃபில்டரிலேயே 4, 8 நொடிகள் கிடைக்கும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் சலனமற்ற நீர்ப்பரப்பின்மேல் காட்ட வேண்டுமானால் 10 ஸ்டாப் பொருந்தும். ஆனால் நங்கூரமிட்ட வள்ளங்கள் ஆடிக் கலங்கித் தெரியும்.

சொத்தவிளை மணல்:
அலையின் கணத்தைப் பிடிக்க 2 நொடி டைமர் உதவாது, ரிமோட் வாங்குங்கள். ட்ரைபாடில் வைத்தபின் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். ஈர மணலில் நிறுத்தினால் அலை அடிமணலை அரித்து ட்ரைபாடின் கால் இறங்கும். ஆகவே அழுத்திப் புதைத்தபின் எடுக்க வேண்டும்.

முட்டம் வாசி:
ஆனி, ஆடியில் அந்தப் பாறைகளில் இறங்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் கள்ளக்கடல் (திடீரென ஏறி வரும் பேரலை) எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தொலைவில் தென்கடலில் எழும் புயலின் அலை இங்கே காற்றே இல்லாத நாளிலும் ஏறி வரும். 2024 மே மாதம் இதே மாவட்டத்து லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அத்தகைய நாளில்தான். கேமராவை நிறுத்துமுன் கால் மணி நேரமாவது அலைகளைக் கவனியுங்கள், கடலுக்கு முதுகு காட்டாதீர்கள்.

தக்கலைக்காரன்:
மிக்க நன்றி. 6 ஸ்டாப்பே வாங்குகிறேன். என் லென்ஸ்களின் ஃபில்டர் விட்டம் 58, 77 மி.மீ.; இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

குளச்சல் கரை:
77-க்கு வாங்கி, 58-க்கு, பெரிய ஃபில்டரைச் சிறிய லென்ஸில் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளுங்கள். உப்புத் திவலை படியும், துடைக்கத் துணி இரண்டு வையுங்கள்.